முதலில் போன் நம்பர், கடைசியில் முகவரி

வீட்டில் அடி தாங்காமல் வெளியேறும் பெண்ணிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "கையில காசு இருக்கா?" என்றுதான். அதற்கு அடுத்த கேள்வியை அனேகமாக யாரும் கேட்பதில்லை. அந்தக் காசு எந்தக் கணக்கில் இருக்கிறது? அந்தக் கணக்கின் ஓடிபி யார் போனுக்குப் போகிறது? பாஸ்புக்கில் எந்த முகவரி இருக்கிறது? மூன்றுக்கும் விடை கணவன் பக்கம் இருந்தால், வீட்டைவிட்டு வந்த பிறகும் அவள் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறாள்.

நான் கரூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு திருப்பூருக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிழைப்பு ஓரளவு நிலைப்பட்ட பிறகு, எங்கள் பகுதி மகளிர் குழு மூலமாக, என்னைப் போல வந்து சேரும் பெண்களுக்கு வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் துணையாகப் போய்வருகிறேன். கேஒய்சி என்கிற அடையாள விதிகள் எங்களை எங்கே மடக்குகின்றன, அதே விதிகளுக்குள் எங்கே வழி இருக்கிறது என்பது அப்படிப் போய்வந்ததில் பிடிபட்டது. யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

கம்பெனியில் சேர்ந்ததுமே சொல்லிவிட்டார்கள், சம்பளம் கணக்கில்தான் விழும், பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டுவா என்று. என் பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. ஏடிஎம் கார்டு கணவர் கையில், பதிவான நம்பர் அவருடையது. அதில் சம்பளம் விழுந்தால் அவருக்கு விழுந்த மாதிரிதான். அதனால் புதுக் கணக்குத் தொடங்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் ஆதாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"கரூர் அட்ரஸ் இருக்குதேம்மா. இங்க எதுக்கு அக்கவுண்ட்?"

"இங்க வேலைக்கு வந்துட்டனுங்க சார்."

"வீட்டுக்காரர் வரலீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இங்க குடியிருக்கறதுக்கு ஒரு ப்ரூஃப் கொண்டாங்க. வாடகை அக்ரிமென்ட், கரண்ட் பில்லு, ஏதாச்சும். இல்லாட்டி ஏடிஎம் கார்டு, செக் புக் எல்லாம் ஆதார் அட்ரஸுக்குத்தான் போகும். பரவால்லீங்களா?"

அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டார். ஆனால் அந்தக் கார்டு கரூர் வீட்டுக்குப் போனால் கையெழுத்துப் போட்டு வாங்கப்போவது என் மாமியார். கவருக்குள் கிளையின் பெயர் இருக்கும். அதற்கப்புறம் நான் திருப்பூரில் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று கண்டுபிடிக்க யாருக்கும் பெரிய மூளை தேவையில்லை.

ப்ரூஃப் கேட்டாரே, அதற்கும் வழியில்லை. லைன் வீட்டில் அக்ரிமென்ட் என்று ஒன்று கிடையாது. அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்குவதோடு சரி. கரண்ட் பில் ஓனர் அக்கா பெயரில். கேஸ் கனெக்‌ஷன் கரூரில். நான் திருப்பூரில் இருக்கிறேன் என்பதற்குச் சாட்சி நான் மட்டும்தான்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019-21ல் எடுத்தது, இந்தியாவில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 78.6 சதவீதம் என்பதும் அதே கணக்கெடுப்பில் இருக்கிறது. இந்த இரண்டாவது எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். என் கணக்கும் என் பெயரில்தான் இருந்தது. கணக்கெடுக்க வந்தவர் கணவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டியிருப்பேன்.

சரி, விதி என்னதான் சொல்கிறது? கவுண்டரில் சொல்வதும் விதியில் இருப்பதும் பல இடங்களில் ஒன்றில்லை. 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் வேர். கறுப்புப் பணத்தைப் பிடிக்க எழுதியது. அதன்கீழ் வந்த விதிகளும், 2016-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, பலமுறை திருத்தி, 2025 நவம்பரில் புதிதாகத் தொகுத்து வெளியிட்ட கேஒய்சி வழிகாட்டுதல்களும்தான் கிளைகளில் நடைமுறையில் இருப்பவை. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம் ஆகியவை ஏற்கத்தக்க ஆவணங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் போதும், எல்லாம் வேண்டியதில்லை. ஆதார்தான் வேண்டும் என்று வங்கி பிடிவாதம் பிடிக்க முடியாது. வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்கச் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது. அரசு மானியம் அந்தக் கணக்குக்கு வரவேண்டுமென்றால் மட்டும் ஆதார் தேவைப்படும்.

எனக்கு மிகவும் உதவிய வரி வேறொன்று. 2019 நவம்பரில் விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. ஆதார் இ-கேஒய்சி மூலம், அதாவது கைரேகையோ ஓடிபியோ கொடுத்து ஆதாரை மின்னணு முறையில் சரிபார்த்து, கணக்குத் தொடங்கும் ஒருவர், ஆதாரில் உள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறு வேறு என்றால், இப்போதைய முகவரியைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். சுய உறுதிமொழி, அவ்வளவுதான். வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த வசதி அது. திருப்பூர் மாதிரி ஊரில் வடமாநிலத் தம்பிகளுக்கெல்லாம் கணக்குத் தொடங்கித் தருவது இந்த வழியில்தான். எங்களுக்கும் அது அப்படியே பொருந்தும். ஆனால் கவுண்டரில் கேட்கத் தெரிய வேண்டும். "அட்ரஸ் ப்ரூஃப் இல்லீங்க" என்று நின்றால் திருப்பி அனுப்புவார்கள். "இ-கேஒய்சி போட்டுக்கறேன் மேடம், இப்ப இருக்கற முகவரிக்கு செல்ஃப் டிக்ளரேஷன் தர்றேன்" என்றால் பேச்சு மாறிவிடும். எனக்கு இரண்டாவது வங்கியில் அப்படித்தான் நடந்தது. அங்கிருந்த அதிகாரி என் முகத்தை ஒருமுறை பார்த்தார். வேறெதுவும் கேட்காமல், "கார்டு தபால்ல வேண்டாம், கிளைக்கே வந்து வாங்கிக்கங்கம்மா" என்றார். அந்தம்மாவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இ-கேஒய்சி போடும்போது ஓடிபி வழியாகப் போடாதீர்கள், கைரேகை வையுங்கள். காரணம், ஓடிபி ஆதாரில் பதிவான நம்பருக்குப் போகும். அந்த நம்பர் யாருடையது?

இங்கேதான் நான் தலைப்பில் வைத்த விஷயம் வருகிறது. வெளியேறி வரும் பெண்கள் பெரும்பாலோர் முதலில் செய்ய நினைப்பது ஆதாரில் முகவரி மாற்றுவது. வங்கியில் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், ரேஷன் கடையில் கேட்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அடி அதுதானே என்று தோன்றும். ஆதாரில் கணவன் நம்பர் இருக்கும்போது முகவரியை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் தன் போனில் ஓடிபி வாங்கி, அவளுடைய இ-ஆதாரைப் பதிவிறக்கம் செய்யலாம். புது வீட்டின் கதவு எண், தெருப் பெயர், அஞ்சல் குறியீடு எல்லாம் அச்சாகி அவன் கையில் வந்துவிடும். முகவரியே மாற்றாவிட்டாலும், ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறு இருக்கிறது. எந்த வங்கி, எந்த நிறுவனம் என்று தேதியோடு தெரியும்.

அதனால் முதலில் நம்பர். அதற்கு முன்னால் சொந்தப் பெயரில் ஒரு சிம். சிம் வாங்கக் கைரேகை போதும். பழைய சிம் அவன் பெயரில் வாங்கியதாக இருந்தால் அதை நம்பி எதையும் பதிவு செய்யாதீர்கள். அவன் நினைத்தால் ஒரே நாளில் அதை முடக்கிவிட்டு அதே நம்பருக்கு வேறு சிம் வாங்க முடியும். புது சிம் கைக்கு வந்ததும் ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்து நம்பரை மாற்றச் சொல்லுங்கள். நம்பர் மாற்ற எந்த ஆவணமும் கேட்கக்கூடாது, கட்டணம் மட்டும் உண்டு. பதிவாகச் சில நாள் ஆகலாம். அதுவரை பொறுங்கள். ஆதார் அட்டையே அவனிடம் மாட்டிக்கொண்டது, ஆதார் எண்கூட நினைவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். பெயர், பிறந்த தேதி விவரத்தோடு மையத்தில் கைரேகை வைத்தால் எண்ணைக் கண்டுபிடித்து அச்சடித்தே தருவார்கள். சந்தேகம் இருந்தால் 1947-க்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

நம்பர் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் எங்களோடு லைனில் இருந்த ஒரு தங்கச்சி. சொந்தக் கணக்கு, கார்டும் அவள் கையில். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பக்கத்து ஏடிஎம்மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தாள். குறுஞ்செய்தி கணவனுக்குப் போனது. தொகை, நேரம், ஏடிஎம் இருக்கும் இடத்தின் பெயர், எல்லாம் அதில் இருந்தன. அன்று பொழுது சாயும்போதே அவளுடைய அம்மாவுக்குப் போன் வந்துவிட்டது. "உங்க பொண்ணு பல்லடம் ரோட்டுல சுத்திட்டிருக்கறா போல" என்றானாம். அந்த வாரமே அவள் வீடு மாற வேண்டியிருந்தது, அட்வான்ஸும் முழுசாகத் திரும்பக் கிடைக்கவில்லை. ஐந்நூறு ரூபாய் எடுத்ததற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

புதுக் கணக்கை வேறு வங்கியில் தொடங்குங்கள். வேறு கிளை போதாது, வேறு வங்கி. ஒரே வங்கிக்குள் உங்களுக்கு ஒரே வாடிக்கையாளர் எண்தான். புதுக் கணக்கு எந்த ஊரில் தொடங்கினாலும் அந்த எண்ணுக்குக் கீழேதான் வந்து உட்காரும். உங்கள் நெட் பேங்கிங் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும் என்றால், அவன் உள்ளே நுழைந்ததும் இரண்டு கணக்கும் வரிசையாகத் தெரியும், கிளைப் பெயரோடு.

பணம் கட்டி வைக்க வழியில்லை என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேளுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஏடிஎம் கார்டு உண்டு, மாதம் நான்கு முறையாவது பணம் எடுக்கலாம். பான் இல்லையென்றால் அதற்குரிய உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. பான் இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி, அதில் முகவரியும் கிடையாது, கணவன் பெயரும் கிடையாது. தகப்பன் பெயர் அல்லது தாய் பெயர்தான் அச்சாகியிருக்கும். ஆதாரிலும் கணவன் பெயர் கட்டாயமில்லை, முகவரி மாற்றும்போது அதை எடுத்துவிடலாம்.

ஒரு ஆவணமும் எடுத்துக்கொள்ளாமல் உடுத்திய துணியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விதியில் ஒரு கதவு இருக்கிறது. சிறு கணக்கு என்று பெயர். உங்கள் புகைப்படத்தில் நீங்களே கையெழுத்திட்டு, வங்கி அதிகாரியின் முன்னால் விண்ணப்பத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் தொடங்கலாம். வரம்புகள் உண்டு: எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக்கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது, ஒரு நிதியாண்டில் 1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. 12 மாதம் செல்லும். ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீட்டிப்பார்கள். கிளைகளில் பலருக்கு இது ஞாபகமே இருக்காது. மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்பது நல்லது. கவுண்டரில் மல்லுக்கட்டினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோருக்கும் உங்கள் கதை தெரிந்துவிடும்.

கணக்குத் தொடங்கும் விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன இடங்கள் உண்டு. மின்னஞ்சல் பகுதியில் பழைய மின்னஞ்சலை எழுதாதீர்கள். அது அவன் போனிலும் திறந்திருக்கலாம். நாமினி என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் கணவன் பெயரைக் கை எழுதிவிடும். அம்மா, தங்கை, பிள்ளை, யாரை வேண்டுமானாலும் போடலாம். கார்டும் பின்னும் தபாலில் வேண்டாம், கிளையிலேயே தந்துவிடுங்கள் என்று எழுதியே கொடுங்கள். பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்க அப்பா வரவேண்டும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். தாயே காப்பாளராக இருந்து தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது.

பொய் முகவரி எழுதச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அதில் நீங்கள்தான் மாட்டுவீர்கள், நாளைக்கு ஜீவனாம்ச வழக்கில் அதையே எடுத்து உங்கள்மீது வீசுவார்கள். உண்மையான முகவரியை யாரிடம், எப்போது, எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம் வேண்டும். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வங்கிகள் வாங்கும் கேஒய்சி விவரம் எல்லாம் மத்தியப் பதிவகம் ஒன்றில் சேர்கிறது. ஒரு வங்கியில் விவரம் மாறினால், உங்களோடு தொடர்புள்ள மற்ற வங்கிகளுக்கும் பதிவகத்திலிருந்து மின்னணு முறையில் தகவல் போகும். அதாவது, கரூரில் இருக்கும் பழைய கூட்டுக் கணக்கு வங்கிக்கும் உங்கள் புது முகவரி போய்ச்சேரும். கணவனுக்கு அறிமுகமான ஆள் அந்தக் கிளையில் இருந்தால்? சின்ன ஊர்களில் இருக்காமல் இருப்பார்களா?

அதனால் பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கு என்றால், அதே வங்கியின் வேறு கிளைக்குப் போயாவது முதலில் நம்பரை மாற்றி, கார்டை முடக்கி, மிச்சப் பணத்தை எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். கூட்டுக் கணக்கு என்றால் கொஞ்சம் சிக்கல். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் இருந்தால் ஒரே மதியத்தில் அவன் துடைத்து எடுத்துவிட முடியும். எங்களுக்குள் தகராறு இருக்கிறது, ஒருவர் கையெழுத்தில் பணம் தரவேண்டாம் என்று கூட்டுக் கணக்குதாரர் எழுதிக் கொடுத்தால் வங்கி அதை மதித்து நிறுத்திவைக்கும். கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கணக்கை மூடவோ மாற்றவோ இருவர் கையெழுத்தும் வேண்டும். அதற்கு நீதிமன்றம்தான்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை என்று அது சொல்லவில்லை. பணத்தைப் பறிப்பதும், பொருளாதார வகையில் முடக்குவதும் அதன் மூன்றாம் பிரிவிலேயே வருகின்றன. பிரிவு 18-ன்கீழ் பாதுகாப்பு உத்தரவு போடும்போது, கூட்டாகவோ கணவன் தனியாகவோ வைத்திருக்கும் வங்கிக் கணக்கையும் லாக்கரையும் நீதிமன்ற அனுமதியில்லாமல் இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை விதிக்கலாம். உங்கள் சீதனத்துக்கும் அது பொருந்தும். நகை லாக்கரில் இருக்கும் பெண்கள் மனுவில் இதைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். அவசரம் என்றால் பிரிவு 23-ன்கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். உத்தரவின் நகலோடு வங்கிக்குப் போனால் கவுண்டரில் கேள்வி குறையும். வக்கீல் செலவுக்குப் பயந்து நிறைய பேர் பின்வாங்குகிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள்.

ஆதார் வழியாக வரும் அரசுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேஸ் மானியம் போன்றவை ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். புதுக் கணக்குத் தொடங்கினால் தானாக மாறாது. புது வங்கியில் இணைப்புப் படிவம் ஒன்று நிரப்பிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல், வெளியே வந்து பல மாதம் கழித்தும் கணவன் கார்டில் தன் பணத்தை விட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

படித்த, வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொரு இடம். வருமான வரித் தளத்தின் கடவுச்சொல் பெரும்பாலும் கணவனிடமோ அவனுக்குத் தெரிந்த ஆடிட்டரிடமோ இருக்கும். அந்தத் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையில் உங்கள் பான் எண்ணுக்கு எந்த வங்கியில் எவ்வளவு வட்டி வந்தது என்பது பதிவாகிவிடும். ரகசியமாகத் தொடங்கிய கணக்கு அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும். கடவுச்சொல்லையும், அங்கே பதிவான நம்பரையும் மின்னஞ்சலையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள். கடன், கிரெடிட் கார்டு வாங்கியிருந்தால் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் நீங்கள் கொடுத்த முகவரிகள் வரிசையாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆதாரில் முகவரி மாற்றுவதை எப்போது செய்வது? நம்பர் உங்களுடையதாகி, வழக்கோ பாதுகாப்பு உத்தரவோ கையில் வந்து, இந்த வீட்டில்தான் கொஞ்ச காலம் இருப்போம் என்று தைரியம் வந்த பிறகு. அப்போது வாடகை அக்ரிமென்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆதார் ஆணையம் வைத்திருக்கும் சான்றிதழ்ப் படிவத்தில் கெசட்டட் அதிகாரி, தாசில்தார், எம்எல்ஏ, கவுன்சிலர் போன்றவர்கள் கையெழுத்திட்டால் ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் தங்கியிருந்தால் அதன் தலைவரே கையெழுத்திடலாம்.

ஆதார் ஆணையம் காப்பகத்தின் கடிதத்தை ஏற்கிறது. வங்கி மட்டும் அதை நேரடியாக ஏற்காமல், ஆதாரில் ஏற்றிக்கொண்டு வா என்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளோ, தன்னிடம் தங்கியிருக்கும் பெண் கேட்டுக்கொண்டால் அவளைப் பற்றிய விவரத்தை எதிர்த்தரப்புக்குக் காப்பகம் சொல்லக்கூடாது என்கின்றன. ஒரு சட்டம் அவளை மறைத்து வைக்கச் சொல்கிறது, இன்னொன்று அவளுடைய கதவு எண்ணைப் பத்து இடத்தில் எழுதி வைக்கச் சொல்கிறது. கேஒய்சி விதிகளை எழுதியவர்கள் இந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கவே இல்லை என்பது என் ஆதங்கம். செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1991-லேயே இப்படிப்பட்ட பெண்களுக்கு மாற்று முகவரி தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அத்திட்டத்தில் உள்ளவர்களுக்கு, திட்டத்தை நடத்தும் அமைப்பின் முகவரியை வைத்தே வங்கிகள் கணக்குத் தொடங்கலாம் என்று அந்நாட்டின் நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பு 2009-ல் தெளிவுபடுத்தியது. நம்மிடம் மாவட்டந்தோறும் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்றே ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன. அந்த அலுவலகத்தின் முகவரியையே கடிதப் போக்குவரத்து முகவரியாக வங்கி ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஒரு வரி எழுதினால் போதும்.

விதி மாறாது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். அமில வீச்சில் கண்கள் சிதைந்த பெண்கள், கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். கண் சிமிட்ட முடியாதவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க வேறு வழியே இல்லையா என்பது அவர்கள் கேள்வி. 2025 ஏப்ரல் 30-ல் வந்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது. அதே ஆண்டு ரிசர்வ் வங்கி, யோசிக்காமல் எந்தக் கேஒய்சி விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் அதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சேர்த்தது.

அந்த வரியை நான் இப்போது அடிக்கடி பயன்படுத்துகிறேன். "முடியாதும்மா" என்று வாயால் சொன்னால், "சரிங்க சார், எதனால முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று கேட்கிறேன். குரலை உயர்த்த வேண்டியதில்லை. பல நேரம் அதிலேயே இன்னொரு படிவம் மேசைக்குள்ளிருந்து வெளியே வரும். வராவிட்டால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் உங்கள் ஆதார், பான், வாக்காளர் அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போனில் படம் எடுத்து வைப்பதில் ஆபத்து உண்டு, அந்தப் படம் அவன் போனிலும் போய் உட்காரலாம். 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள். அவர்கள் அனுப்பிவைக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க இடம், வக்கீல், போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அங்கிருந்து வங்கிக்குப் போகும்போது மையத்து ஊழியர் ஒருவரைத் துணைக்கு வரச்சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். தனியாக நிற்கும் பெண்ணிடம் கேட்கும் பாதிக் கேள்விகளைத் துணையோடு வருபவளிடம் யாரும் கேட்பதில்லை.